சங்கத்து மகப்பேறு மனைக்காகக் காத்திருந்த வெங்கடலட்சுமி அம்மையாருக்கு

பல்லடம் மங்கையர் நலச் சங்கத்தின் மாண்பே! கனிவும் கண்டிப்பும் கைகோத்த தலைமைச் செவிலியரே! களைப்பறியாக் காரியத் திறமே! முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள் என்பதால், வேறொருவர் கதைபோல் இச்சபைக்குச் சொல்கிறோம், அமர்ந்து கேட்டருள்க!

வெங்கடலட்சுமி இளம் செவிலியராகச் சேர்ந்தபோது, ஊர்மக்கள் கொடுத்த நிலத்தில் சங்கத்தின் மகப்பேறு மனை ஓங்கி நின்றது. பின்னாளில், பதிவுபெற்ற அச்சங்கம் செயலற்றுவிட்டதென்று சொல்லி, ஒரு வார்த்தை விளக்கம்கூடக் கேளாமல், நிலத்தையும் கட்டடத்தையும் வேறொரு துறைக்கு மாற்றி அரசாணை வந்தது. சங்கம் நீதிமன்றம் சென்றது. வெங்கடலட்சுமியோ கட்டில்களை வண்டியேற்றி, வாடகை வீடொன்றில் சங்கத்தின் பிரசவப் பணியைத் தொடர்ந்தார்.

வழக்கு நடக்கையில் அதிகாரி ஒருவர் அவரை அழைத்தார். "சங்கம் செயல்படலைன்னு வாக்குமூலம் கொடுத்துருங்கம்மா. அரசு ஆஸ்பத்திரியில வேலைக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டிய காலம் அது. அரசுப் பணி யாருக்குக் கசக்கும்? ஆயினும் அம்மையார், "அதெப்படீங்க எழுதறது? இன்னிக்குக் காலையிலகூடச் சங்கத்துல ஒரு பிரசவம் பார்த்துப்போட்டுத்தானுங்க வாரேன்" என்றார்.

அந்தப் பிரசவங்களே சங்கத்தின் சான்றாயின. நீதிமன்றத்தில் அரசாணை ரத்தானது, மேல்முறையீடும் தள்ளுபடியாகி, சென்ற மாதம் கட்டடம் கைக்கு வந்தது. ஆண்டுக்கணக்காய்ப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்துப் பார்த்து ஏங்கிய வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு அம்மையார் ஏறினார். பிரசவ அறையோ பலகைத் தடுப்புகளால் துண்டுதுண்டான அலுவலகமாகியிருந்தது. சீரமைத்து உரிமம் பெற ஓராண்டாகும் என்றார் செயலாளர் சென்னியம்மாள். அம்மையாருக்கு ஓய்வோ இம்மாதம்!

பலகைத் தடுப்பில் கைவைத்து நின்ற அம்மையார், "என்ற கையால இங்க இன்னுமொரு புள்ளையத் தூக்கோணும்னு இருந்தேனுங்க" என்றார்.

அம்மையாரே, இனி உங்களிடமே பேசுகிறோம். ஓய்வு வயதை மாற்ற எங்களால் ஆகாது. ஆனால் அவ்வறையில் முதல் குழந்தை பிறக்கும் நாளில், அதை முதலில் ஏந்தும் கை உங்களுடையதாகவே இருக்கும். தாயிடமும் மருத்துவரிடமும் நாங்கள் பேசிக்கொள்கிறோம். அதுவரை மட்டுமன்று, அக்குழந்தை வளர்ந்து ஆளாகும் வரையிலும் நலம் குன்றாது, புன்னகை குன்றாது வாழ்க!

அம்முதல் பிரசவத்தன்று உங்கள் வாசலில் வண்டி வந்து நிற்கும். எதுவும் யோசிக்காம ஏறி வந்துருங்கக்கா!

அன்பு மாறாத,
செவிலியர், ஆயாக்கள், அலுவலகத்தார்
மங்கையர் நலச் சங்கம், பல்லடம்