யாரும் திருத்தலாம் என்ற டீச்சருக்கு

நூல் கோன்களும் நிட்டிங் மெஷின் இரைச்சலும் நாற்புறமும் சூழ்ந்த நெருப்பெரிச்சல் ஊர் எல்லையிலே, சுண்ணாம்பு உதிர்ந்த சிற்றறைகளை அறிவின் அரண்மனையாக ஆக்கிய அம்மையே! பனியன் கம்பெனி வேன்கள் பெற்றோரை அள்ளிச் சென்ற பின் பள்ளி வாசலில் நின்ற பிஞ்சுகளைப் பரிவோடு அணைத்துக்கொண்ட பண்பின் பெட்டகமே! கேட்டவருக்குச் சாக்பீஸும் கேளாதவருக்குக் கண்டிப்பும் குறைவின்றி வழங்கிய கொடை வள்ளலே! மூன்றாம் வகுப்பை முப்பதாண்டுக்கு மேல் ஆண்டு இன்று பணி நிறைவு பெறும் ஆசிரியை அமராவதி அவர்களே, வணக்கம்.

இதற்கு மேல் ஒரு வரி புகழ்ந்தாலும், பந்தியில் பாயசம் வந்ததா பார்க்கிறேன் என்று நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். முகத்துக்கு நேரே நல்லது கேட்கும் பழக்கம் உங்களுக்கு இல்லை. அதனால் "தாங்கள்" என்பதைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, அமராவதி டீச்சர் என்று ஒருவர் இருந்தார் என்று கதையாகவே சொல்லிவிடுகிறோம். யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல் உட்கார்ந்து கேளுங்கள்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். அடுத்த வாரம் உங்களுக்குக் கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை. அதை மேடையில் யாரும் பேசக் கூடாது என்றீர்கள். இருப்பதை இருக்கிறபடி எழுது என்று பிள்ளைகளுக்குச் சொன்னதும் நீங்கள்தான். இரண்டில் எதைக் கேட்பது என்று யோசித்து, பிள்ளைகளுக்குச் சொன்னதையே நாங்களும் கேட்டுக்கொண்டோம். இன்னொன்று, இந்த மடலின் முதல் வடிவைப் போன வாரமே எழுதி, உங்கள் விதிப்படி மூன்றாம் வகுப்பு விக்கியில் திருத்தத்துக்கு வைத்தோம். அது திருத்தப்பட்டுவிட்டது. திருத்தியது நம்மில் யாரும் இல்லை.

அமராவதி டீச்சர் கணியூர்க்காரர். இந்தப் பள்ளிக்கு வந்தபோது சுற்றிலும் சோளக்காடு இருந்தது, பிறகு காடெல்லாம் கம்பெனி ஆனது. ஒரு ஏற்றுமதிக்காரர் பழைய லேப்டாப்புகள் சிலவற்றைப் பள்ளிக்குக் கொடுத்தார். மற்றவர்கள் அவற்றின்மேல் துணி போர்த்திப் பத்திரப்படுத்தப் பார்க்க, டீச்சர் மட்டும் பிள்ளைகளை அவற்றின் முன்னால் உட்கார வைத்தார். முதலில் வலைப்பூ தொடங்கினார். ஒரு பிள்ளை தன் தெருவைப் பற்றி எழுதும், மற்றதெல்லாம் கீழே கருத்துச் சொல்லும். ஒரு வருஷம் முழுக்க எல்லாப் பிள்ளைகளும் எல்லாவற்றுக்கும் "சூப்பர்" என்று மட்டுமே எழுதின. அந்தச் சொல்லுக்கு எழுத்துப்பிழை வராது என்பதைத் தவிர அதில் ஒரு பயனும் இல்லை.

அப்புறம்தான் விக்கிக்கு வந்தார். வகுப்புக்கென்று ஒரு விக்கி, கம்ப்யூட்டரில் எல்லாரும் சேர்ந்து எழுதும் ஏடு. ஒருவர் எழுதிய பக்கத்தை வகுப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். பழைய வரியும் திருத்தியவர் பெயரும் ஓரத்தில் நிற்கும். தலைமையாசிரியர் செங்கோட்டையன் அவர்கள் அப்போதே சொன்னார்.

"டீச்சர், எட்டு வயசுப் புள்ளைங்க. ஒருத்தர் எழுதுனதை இன்னொருத்தர் அழிச்சா அடிதடிதானுங்க வரும்."

பெற்றோர் கூட்டத்திலும் இதே பேச்சு எழுந்தது. செக்கிங் வேலைக்குப் போகிற ராக்கம்மாள்தான் எழுந்து, "எங்க கம்பெனியில தெச்ச பீஸை நாங்க பாத்து, டேமேஜ் இருந்தா ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிக் குடுக்கறோமுங்க. அதுக்காக டெய்லர் எங்ககூடச் சண்டைக்கா வர்றாரு?" என்றார். டெய்லர்கள் அன்றாடம் சண்டைக்கு வருவது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் மறுக்கவில்லை, டீச்சர் ஜெயித்துவிட்டார்.

அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று. "போய்ப் பாரு கண்ணு. பாத்துட்டு வந்து எழுது." காதால் கேட்டதை எழுதினால் அந்தப் பக்கத்தை அவரே அழித்துவிடுவார், முகத்தில் ஒரு சலனமும் இருக்காது.

முதல் திருத்தம் நாய்க்குட்டியில் ஆரம்பித்தது. தேஜஸ்ரீ என்ற பெண், "நல்லான் கடை நாய் நான்கு குட்டி போட்டிருக்கிறது" என்று எழுதியிருந்தாள். மறுநாள் காலையில் அது "ஐந்து குட்டி" என்று மாறியிருந்தது. திருத்தியவர் பெயர் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. யார் திருத்தினது என்று கேட்டால் ஒரு கையும் உயரவில்லை. டீச்சர் தேஜஸ்ரீயைத் திரும்பவும் போய்ப் பார்த்துவரச் சொன்னார். கடைக்குப் பின்னால் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளுக்கு நடுவில், கண் திறக்காத ஐந்தாவது குட்டி ஒன்று தாயைத் தேடி முனகிக்கொண்டிருந்தது.

பார்த்த பிள்ளை சொல்லக் கூச்சப்படுகிறது என்று டீச்சர் நினைத்தார். கம்ப்யூட்டர் விவரம் தெரிந்த திருமூர்த்தி சார் வந்து பார்த்தார். பெயர் போடாமல் அந்தப் பக்கம் திறக்கவே திறக்காது என்றார். லேப்டாப்புகள் இரும்பு பீரோவுக்குள் இருந்தன. பீரோ சாவி டீச்சரின் கைப்பைக்குள் இருந்தது.

அடுத்தது நித்தீஷின் பக்கம். "எங்கள் தெருமுனையில் புளியமரம் இருக்கிறது" என்று அவன் எழுதியதை, "இருந்தது" என்று யாரோ மாற்றியிருந்தார்கள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மரம் அங்கதானுங் டீச்சர் நிக்குது. நான் தொட்டுப் பாத்துட்டுத்தானுங் வந்து எழுதுனேன்."

டீச்சர் வரியைப் பழையபடி மாற்றிக் கொடுத்தார். மறுநாள் காலையில் திரும்பவும் "இருந்தது". அவரும் விடவில்லை, திரும்பவும் மாற்றினார். அந்த வாரக் கடைசியில் சாலையை அகலப்படுத்த ஆட்கள் வந்து மரத்தை அறுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை அந்த வரியை நித்தீஷே "இருந்தது" என்று மாற்றிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பிள்ளைகள் பயப்படவில்லை என்பதுதான் இதில் விசேஷம். திருத்துகிறவருக்கு "அவிய", அதாவது அவர்கள், என்று மரியாதையாகப் பெயர் வைத்துவிட்டார்கள். "அவிய பொய் சொல்ல மாட்டாங்க டீச்சர், பாத்துட்டுத்தான் எழுதுவாங்க" என்றாள் தேஜஸ்ரீ. இதைக் கேட்ட டீச்சருக்குத்தான் பயம் வந்தது. அவருடைய விதியை அவருடைய மாணவர்களைவிட ஒழுங்காக ஒருவர் கடைப்பிடிக்கிறார். நாளை நடக்கப்போவதை இன்றைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறார். விக்கியை மூடிவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. மூடினால் தெரியாமல் போகுமே தவிர நடக்காமல் போகாது என்பதும் உடனே தோன்றியது, அதனால் மூடவில்லை.

வகுப்பு முழுதும் சேர்ந்து எழுதிய "எங்கள் வகுப்பறை" என்ற பக்கத்தில் ஒரு வரி உண்டு. "மேற்குச் சுவரில் நாங்கள் வரைந்த மயில் இருக்கிறது." ஒருநாள் காலையில் பிள்ளைகள் வருமுன் டீச்சர் அந்தப் பக்கத்தைத் திறந்தார். "மயில் இருந்தது" என்று மாறியிருந்தது.

எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்த, கெட்டியான சுவர். தட்டிப் பார்த்தார், ஒன்றுமில்லை. மயில் எப்போதும்போல ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மணி அடித்ததும் பிள்ளைகளை உள்ளே விடாமல் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

தலைமையாசிரியர் வந்து, "என்னங்க டீச்சர், வெளியில உக்கார வெச்சிருக்கறீங்க?" என்றார்.

"சுவரு ஊறிப்போயிருக்குதுங்க சார்."

"மழை பேஞ்சு மாசக்கணக்காச்சு. எப்பிடீங்க ஊறும்?"

"ஊறியிருக்குதுங்க."

"நாளைக்கு உள்ளதான் உக்காரோணும். இல்லீனா நான் மேல எழுதிப் போட வேண்டியிருக்குமுங்க."

பொய் எழுதினால் பக்கத்தை அழிக்கிறவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட ஒரே பொய் அது. மறுநாளும் அவர் பிள்ளைகளை உள்ளே விடவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்துதான் அன்று வந்திருந்தார், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். கழித்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தபோது மேற்குச் சுவர் முழுதாக உள்பக்கம் சாய்ந்து, பிள்ளைகள் உட்காரும் இடத்தில் விழுந்தது. பக்கத்து மனைக்காரர் தண்ணீர்த் தொட்டிக்காகச் சுவரின் அடி வரைக்கும் குழி தோண்டியிருந்தார். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது.

ஊரே வந்து டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட்டது. அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பிழைத்த சந்தோஷத்தை அனுபவிக்க முடியாதபடி மரத்தையும் சுவரையும் பார்க்கிறவர் மனுஷரையும் பார்ப்பாரே என்ற நினைப்பு அவருக்குள் வந்துவிட்டது. அன்று மத்தியானம் தேஜஸ்ரீ விக்கியில் ஒரு புதுப் பக்கம் தொடங்கினாள். பெயர் "எங்கள் டீச்சர்". "எங்கள் டீச்சரிடம் கறுப்புக் குடை இருக்கிறது. எங்கள் டீச்சர் எங்களைக் காப்பாற்றினார். எங்கள் டீச்சர் எப்போதும் இருப்பார்."

கடைசி வரியைப் படித்ததும் டீச்சர் அந்தப் பக்கத்தை யாரும் திருத்த முடியாதபடி பூட்டிவிட்டார். விக்கியில் பூட்டிய பக்கம் அது ஒன்றுதான்.

"ஏனுங் டீச்சர், யாரு வேணும்னாலும் திருத்தலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இது மட்டும் இருக்கட்டும் கண்ணு" என்றார்.

வருஷங்கள் போயின. தேஜஸ்ரீ இப்போது கல்லூரிக்குப் போகிறாள். பூட்டு அப்படியே இருந்தது. இந்த வருஷம் டீச்சரின் வயிற்றில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. எடுத்துப் பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றுவிட்டார் டாக்டர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் திறக்காமலே, வினிதா டீச்சரிடம் சொன்னார்.

"பூட்டைத் திறந்துவுட்டா மறுநா காலையில தெரிஞ்சுபோயிரும் வினிதா. தெரிஞ்சுக்கோணும்னு இருக்குது. ஆனா கை போகமாட்டீங்குது."

கதை இத்துடன் போதும். இனி மறுபடியும் தாங்கள்.

அம்மையே, உங்கள் பக்கத்தின் பூட்டை நாங்கள் தொடவில்லை. இந்த மடலைத்தான் தனிப் பக்கமாக ஏற்றினோம். நல்ல மடல் என்றால் நாலு பேர் திருத்தட்டும் என்று நினைத்தோமே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை. மறுநாள் காலையில் திறந்தபோது திருமூர்த்தி சார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை" என்று எழுதியிருந்தோம், அந்த வரியையே காணவில்லை. "கோபம் என்பதே அறியாதவர்" என்பது "கோபம் வந்தால் பேசாமல் இருப்பவர்" என்று மாறியிருந்தது. "அறிவின் அரண்மனை" என்பதை மட்டும் எப்படியோ விட்டுவைத்திருந்தார்கள்.

கடைசிப் பத்தியில், எல்லா மடலிலும் எழுதுகிற வழக்கப்படி, "நோய்நொடி ஏதுமின்றி நெடுங்காலம் வாழ்வீர்கள்" என்று எழுதியிருந்தோம். "நோய்நொடி ஏதுமின்றி" என்பது எடுக்கப்பட்டிருந்தது, "நெடுங்காலம் வாழ்வீர்கள்" அப்படியே இருந்தது. ஓரத்தில் பழைய வரி இருந்தது, பெயர் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

இதைச் சபையில் படிக்கவே கூடாது என்றார் தலைமையாசிரியர். "அவிய மிச்சத்தைப் படிக்காமயே போயிருந்தாங்கன்னா என்னங்க பண்றது?" என்று திருமூர்த்தி சார் மெதுவாகக் கேட்டார். வினிதா டீச்சர்தான் திரைக்குக் கிட்டே போய்க் கீழே விரலை வைத்துக் காட்டினார். நாங்கள் கையெழுத்திடும் இடத்தில் "தங்கள் முன்னாள் சக ஆசிரியர்கள்" என்று போட்டிருந்தோம். அங்கே "முன்னாள்" என்ற சொல்லையும் எடுத்திருந்தார்கள். மடலைக் கடைசி எழுத்து வரைக்கும் படித்திருக்கிறார்கள்.

பிறகும் நாங்கள் நம்பவில்லை. உங்கள் மாணவர்களைப்போலப் போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு நாள் காலையிலும் திறந்து பார்த்தோம், இன்று காலையிலும் பார்த்துவிட்டுத்தான் இந்த மேடைக்கு வந்தோம். எடுத்தது எடுத்தபடி இருக்கிறது, விட்டது விட்டபடி இருக்கிறது. வலி இருக்கும் போலிருக்கிறது அம்மா. அதை எங்களால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அவிய பொய் சொல்ல மாட்டார்கள், பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்கள்.

ஆகவே வழக்கமாக வாழ்த்தும் வாழ்த்தில் இரண்டு சொல் குறைகிறது என்று யாரும் எண்ண வேண்டாம். சட்டமிட்ட மடலிலும் அந்தச் சொற்கள் இருந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறோம். மருத்துவமனைக்கு வினிதா டீச்சர் கூட வருகிறார். உங்கள் பக்கத்துப் பூட்டை எப்போது திறப்பது, திறப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நாங்கள் சொல்லவேண்டியதும், எங்களுக்கு முன்பே ஒருவர் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவைத்ததும் இவ்வளவுதான்.

தாங்கள் நெடுங்காலம் வாழ்வீர்கள்.

இங்ஙனம்,
தங்கள் சக ஆசிரியர்கள்,
மூன்றாம் வகுப்பு மாணவ மாணவியர்,
மற்றும் பெயர் இடாத ஒருவர்.