லோங்காங்கில் போன மாத்திரை

ஈப்போ ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க எனக்கு முன்னால் பதினேழு பேர். அரை மணியில் மூன்று பேர்தான் நகர்ந்தார்கள். முன்பெஞ்சில் ஓர் அம்மாள் தன் மருந்துப் பையைப் பார்த்துவிட்டு, “இது பைத்தியக்கார மாத்திரைலா,” என்றாள்.

“இல்லக்கா, உடம்பு வலிக்குத்தான். ராத்திரி தூக்கம் வரும். எனக்கு முந்தி கொடுத்தாங்களே, அதேதான்,” என்றாள் பக்கத்திலிருந்த அவளுடைய தம்பி மனைவி.

“நான் வீட்டுப் பின்னால லோங்காங்கு சாக்கடையில கொட்டுனதா?”

“ஆமா. ஊரெல்லாம் என்னைப் பைத்தியம்னு சொன்னீங்களே. ரெண்டு வாரந்தான் நல்லாத் தூங்குனேன்.”

“அப்புறம்?”

“ஏழு வருஷம், தூங்காமலே ரப்பர் மரம் சீவப் போனேன்.”

அம்மாள் பையைப் பிரித்து எண்ணினாள். நானும் எண்ணினேன், பதினாலு. அதில் ஏழு மாத்திரையைத் தம்பி மனைவி கையில் வைத்தாள்.

“வேணாங்க்கா. எனக்கு வலி பழகிருச்சு. நீங்களாவது தூங்குங்க.”