நாலாவது கிளாம்ப்

மார்கழி மாதம், சாயங்காலம் ஆறே முக்கால் மணி. மானாம்பதியிலிருந்து உத்திரமேரூருக்கு வருகிற ரோட்டில் ஓர் ஏரிக்கரை வளைவு. அங்கே வீடு கிடையாது, கடை கிடையாது. பஸ் போய்விட்டால் தவளைச் சத்தம்தான். நம்ம திவ்யாவின் சித்தப்பா கலைச்செல்வன் அந்த வழியாகத் தனியே பைக்கில் வந்துகொண்டிருந்தார். உத்திரமேரூரில் கார் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர். திவ்யா இதோ உட்கார்ந்திருக்கிறாள், நான் தப்பாகச் சொன்னால் திருத்தட்டும்.

முதலில் வாடைதான் வந்தது. கருகின கியர் ஆயில் வாடை... அந்த வளைவில். அவர் பைக்கின் வேகத்தைக் குறைத்துவிட்டார்.

ஏன் என்றால், நாற்பது நாளுக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மானாம்பதி புருஷோத்தமன் ஓர் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருந்தார். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மலைக்கோயிலுக்குப் போனால் கியர் ஆயில் கொதித்துவிடும். அதற்காகத் தனியாக ஒரு கூலர் மாட்டித் தரச் சொல்லிக் கலைச்செல்வனிடம் விட்டார். சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கும். கியர் ஆயில் ரப்பர் குழாய் வழியாக அதற்குள் போய், சூடு ஆறித் திரும்பி வரும். குழாயை இறுக்கிப் பிடிக்க நாலு கிளாம்ப் வேண்டும். வந்த டப்பாவில் மூன்றுதான் இருந்தது.

அன்றைக்கு மச்சினன் வீட்டில் விசேஷம். நேரமாகிவிட்டது. கலைச்செல்வன் பழைய சாமான் டின்னைக் கிளறி, மரை தேய்ந்த கிளாம்ப் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார். நாளைக்குக் கூப்பிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் இருட்டும் நேரம் புருஷோத்தமனிடமிருந்து போன் வந்தது.

"கலை, அக்காவுக்கு நெஞ்சு வலிப்பா. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வந்தேன்... ஏரிக்கர வளைவுல வண்டி நின்னுகீது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், இன்னும் காணோம்."

கலைச்செல்வன் பறந்து போனார். புருஷோத்தமன் ரோட்டுக்கு நடுவில் நின்று வருகிற வண்டிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். கலைச்செல்வன் அதுவரை பார்த்தே இராத அக்கா ராணியம்மாளைக் காற்றுக்காக முன்சக்கரத்தின் பக்கத்தில் துண்டு விரித்து உட்கார வைத்திருந்தார். பம்பருக்கு அடியில் போன் வெளிச்சத்தைக் காட்டினால்... குழாய் கழன்று தொங்குகிறது. ஆயில் முழுக்க ரோட்டில்.

கலைச்செல்வன் என்ன செய்தார் தெரியுமா? தேய்ந்த கிளாம்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புதுசு ஒன்றை எடுத்து அவசர அவசரமாக முடுக்கினார். நிமிர்ந்தால், ஒரு முழத் தூரத்தில் ராணியம்மாள். கண் கொட்டாமல் அவருடைய சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கியர் பாக்ஸ் பழசுண்ணா. அதான் ஆயில கக்கிடுச்சி" என்று புருஷோத்தமனிடம் சொன்னார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்த அம்மா போய்விட்டாள். புருஷோத்தமன் இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "கூப்ட்ட ஒடனே ஓடியாந்தியே, நீதாம்பா மனுசன்."

அந்த நேரத்தில் கலைச்செல்வனுக்கு வந்தது துக்கமில்லை, நிம்மதி. பார்த்தவள் இனிமேல் சொல்லமாட்டாள் என்கிற நிம்மதி. அதை நினைத்து நினைத்துத்தான் அப்புறம் அவரால் சோறு உண்ண முடியவில்லை. சாவு வீட்டில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். மாலையைப் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்துவிட்டார்.

இப்போது அதே வளைவு. அதே வாடை.

வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் விளக்கு டிக்... டிக்... என்று அணைந்து அணைந்து எரிகிறது. பானெட் திறந்திருக்கிறது. ஆள் இல்லை. புருஷோத்தமன் அந்தக் காரை வாலாஜாபாத்தில் யாருக்கோ விற்று ஒரு மாசமாகிறது. ஆனால் நம்பர் அதேதான்.

போய்விடலாம் என்றுதான் நினைத்தார். கால் அங்கேயே போனது. குனிந்தார். குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. சொட்... சொட்... என்று ஆயில்.

பக்கத்தில், அவருடைய முழங்கால் உயரத்திலிருந்து ஒரு பொம்பளைக் குரல் கேட்டது. கோபமே இல்லை. சாதாரணமாக.

"பழச எங்கப்பா வச்ச?"

கலைச்செல்வன் கீழே பார்க்கவில்லை. பைக்கை விட்டுவிட்டு மானாம்பதிப் பக்கமே ஓடினார். ஒரே ஒரு தடவை திரும்பினார். வளைவில் பைக் மட்டும்தான் நின்றது.

நேராகப் புருஷோத்தமன் வீட்டு வாசலில் போய் விழுந்தார். டப்பாவில் மூன்று இருந்தது, டின்னைக் கிளறியது, பையில் போட்டது, நிம்மதிப்பட்டது... ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில் ஏரிக்கரையில் கேட்டதையும் சொன்னார்.

"என்ன அடிண்ணா. அக்கா வாயால கேட்டுடுச்சி. இனிமே என்னால மறைக்க முடியாது."

புருஷோத்தமன் அடிக்க ஓங்கின கை அப்படியே நின்றது.

"யாரு கேட்டா?"

"அக்காண்ணா."

அவர் கையை இறக்கினார். உள்ளே யாரோ டிவியை நிறுத்தினார்கள்.

"அக்காவுக்குப் பொறந்ததுலேருந்து பேச்சே வராதுடா" என்றார்.

புருஷோத்தமன் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். முகத்தோடு முகம் வைக்கிற மாதிரி கிட்டே வந்து, மெதுவாகக் கேட்டார்.

"கொரலு... எப்டிடா இருந்துச்சி?"