சாப்பாட்டுக்கு முன் ஒன்று

ஆலங்குடியில் என் மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வயிற்றெரிச்சலுக்குத்தான் மாத்திரை கேட்பார்கள், சார். என் அண்ணன் ராக்கனும் அதற்குத்தான் வந்தான். மூத்தவன்தான், ஆனாலும் ‘அவர்’ என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

பதினைந்து வருடக் குடி. என் வீட்டு வாசலில், கடைப் படியில், ஒருமுறை என் மகளின் காதுகுத்துப் பந்தியில் இலைமேலேயே வாந்தி எடுத்திருக்கிறான். கழுவியவன் நான். புளித்த சோறும் பிராந்தியும் கலந்த அந்த வாடை, எத்தனை சோப்புப் போட்டும் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை.

போன வருடம் அவனாகவே குடியை நிறுத்தினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்து உட்கார்ந்தான்.

“ஒரு வாய் ஊத்துனாலும் நெருப்பா எரியுதுடா அருளு. இனிமே தொட மாட்டேன். தெனமும் இங்கிட்டு வந்து ஒனக்கு ஒத்தாசையா இருக்கேன். மத்தியானம் சேந்து சாப்புடுவோம்.”

பேசும்போது அவன் எச்சில் என் கையில் தெறித்தது. அவன் சோற்றைப் பிசைவதைப் பார்த்தபடி, பக்கத்தில் உட்கார்ந்து தினமும் நான் சாப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். குமட்டியது.

இரும்பைத் துரு அரிப்பதுபோல மது வயிற்றின் உள்தோலை அரிக்கும். அந்தத் தோலைக் காத்து எரிச்சலை அடக்க மருந்து இருக்கிறது. கல்லீரலை அது காப்பாற்றாது. அதை மட்டும் நான் சொல்லவில்லை.

“தெனம் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு போடுண்ணே. எரியாது. கொஞ்சம் குடிச்சாலும் ஒண்ணும் பண்ணாது” என்றேன்.

நான்கே நாளில் பழையபடி குடிக்கப் போய்விட்டான். மாத்திரை தீருமுன் நானே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதினோரு மாதம், ஒருநாள் தவறவில்லை. கண் மஞ்சளாகி, வயிறு பானையாக உப்பியபோதும் கொடுத்தேன். பெரியாஸ்பத்திரி டாக்டரிடம், எரிச்சலெல்லாம் இப்போது இல்லை, தம்பி மாத்திரை தருகிறான் என்று பெருமையாகச் சொன்னானாம்.

காரியத்தன்று அண்ணி பொன்னுத்தாய் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நீங்க இல்லாட்டி அவுக எப்பவோ போயிருப்பாக தம்பி.”

கையில் பட்ட அந்த ஈரத்தை என்னால் சகிக்க முடியவில்லை. அதனால்தான் நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

தெரிந்தே கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், சார். கூடவே இதையும் எழுதுங்கள்: கூடப்பிறந்த பாவத்துக்கு, கடைசிவரை ஒருநாளும் அவன் வயிறு எரிய நான் விட்டதில்லை.