பாயான் பாருவுக்கு ஒரு கிறிஸ்மஸ் பெட்டி

இல்லம்மா, மடியிலேயே இருக்கட்டும். கீழ வெச்சா பஸ்ஸு பிரேக்கு அடிக்கறப்ப போயி எங்கயாச்சும் இடிச்சுக்கும். கனமெல்லாம் இல்ல, பெட்டிதான் பெருசு. நீ நல்லா உக்காரு தங்கச்சி, எனக்காக ஒடுங்கிக்கிட்டு உக்காராதே. ஜெலுத்தோங் பாசார்கிட்ட, மார்க்கெட்டு ஸ்டாப்புல ஏறுனேன், இவ்ளோ தூரம் நின்னுக்கிட்டேதான் வந்தேன். நல்ல வேளை, நீ பைய எடுத்து எடம் விட்டே.

பாயான் பாருவுக்கு. நீயும் அங்கதானா? சரி சரி. இந்த ஜாம்ல எப்ப போயி சேர்றதோ. கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கெழமை, இப்பிடித்தான் இருக்கும். பினாங்குல இருக்கற காரு, காடி எல்லாம் இன்னிக்கு ரோட்டுலதான்.

பாக்கணுமா? பாரேன், மூடியச் சும்மா தூக்கு. எல்லாம் கிறிஸ்மஸ் சாமான். கடையில வாங்குனது ஒன்னுகூட இல்ல, வீட்டுல செஞ்சது. அந்தச் செவப்பு நட்சத்திரம் என்னான்னு நெனைக்கற? ஆங்பாவ் உறை லா, பெருநாளுக்குக் காசு போட்டுக் குடுப்பாங்களே அது. எங்க ஃப்ளாட்டுல சீன வீடுங்க நெறைய. சீனப் பெருநாள் முடிஞ்சதும் மிச்சம் கெடக்கற உறைய எனக்குன்னு கட்டி வெச்சிருவாங்க. பன்னெண்டு உறை இருந்தா ஒரு நட்சத்திரம். தங்கக் கலருல பூவு, மீனு எல்லாம் ஏற்கெனவே அச்சடிச்சே இருக்கு, நாம மடிச்சு ஒட்ட வேண்டியதுதான். மணியா? அது முட்டை அட்டை. ஒவ்வொரு குழியா வெட்டி, பெயிண்டு அடிச்சு, நடுவுல ஒரு பாசிமணி. அந்தச் சங்கிலி பழைய காலெண்டர் தாளு. குடிலு அடியில இருக்கு, அத எடுக்காதே, ஆட்டுக்குட்டிக்கு இன்னும் பசை காயல. பஞ்சுதான், மாத்திரை பாட்டிலுக்குள்ள அடைச்சு வர்ற பஞ்சு.

அந்த டின்னுல அச்சு முறுக்கு. இதுல சூஜி கேக்கு. பாதாம் போடணும், நான் வேர்க்கடலைக் கச்சான வறுத்துப் பொடிச்சுப் போடுவேன். பட்டரு பாதி, மார்ஜரின் பாதி. சாப்புடறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. ரவைய மட்டும் முந்தின நாளே பட்டர்ல ஊற வெச்சிரணும், அதுல சோம்பேறித்தனம் பண்ணுனா கேக்கு கல்லாயிரும்.

நானே கத்துக்கிட்டதுதான். கல்யாணமான புதுசுல எங்க வீட்டுக்காரு, ஆரோக்கியநாதன்னு பேரு, லாரியில அட்டெண்டனா இருந்தாரு. ரெண்டு பயலுங்க அடுத்தடுத்துப் பொறந்துட்டானுங்க. மரம், லைட்டு எல்லாம் வாங்க வழியில்ல. கையில கெடைக்கறத வெட்டி ஒட்டி மாட்டி விடுவேன். அப்புறம் கொஞ்சம் நல்லா இருந்தப்பவும் விடல. அது ஒரு பெருமையாப் போச்சு எனக்கு. ஜூலியானா ஒன்னும் வாங்க மாட்டா, எல்லாம் செஞ்சிருவான்னு மாதா கோயில்ல பேசுவாங்க. வருசா வருசம் கோயில் ஹால்ல குடும்பங்களுக்குச் சொல்லித் தர்றேன். புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வருவாங்க, அம்மா அப்பா எல்லாம் கீழ உக்காந்து வெட்டிக்கிட்டு இருப்பாங்க. சந்தோசமாத்தான் இருக்கும்.

இப்பல்லாம் அலுப்பா இருக்கும்மா. ஃபேக்டரி கேண்டீன்ல வேலை எனக்கு. நாள் பூரா நின்னு, வீட்டுக்குப் போனதும் கத்திரிக்கோல எடுத்தா கண்ணு சொக்கும். போன வாரம் அடுப்புல அன்னாசி ஜாமக் கிண்டிக்கிட்டே நின்னுக்கிட்டுத் தூங்கிட்டேன். அடி புடிச்ச வாசத்துலதான் முழிச்சேன்.

மோட்டார் சைக்கிளா? வீட்டுல இருக்கு. அவரு ஓட்டறாரு. நான் ஓட்டறதில்ல. முன்னாடி ஓட்டுனேன், விட்டுட்டேன். பஸ்ஸே போதும்.

இது யாருக்குன்னா, தனலெட்சுமின்னு ஒருத்தி. எங்க எதுத்த வீடு. இருந்தா. பதினாலு வருசம் கதவுக்குக் கதவு. அவங்க இந்து, நாங்க கிறிஸ்டியன், ஆனா தீவாளிக்கு அவ வீட்டுல முறுக்குப் புழியறது நான்தான், கிறிஸ்மஸுக்கு என் வீட்டுல கேக்கு கிண்டறது அவதான். கை வலிக்குதுன்னு நான் விட்டா அவ புடிப்பா. புருசன் மோகனராஜ், ரொம்பப் பேச மாட்டாரு. ஒரே பொண்ணு, பிரமிளா.

அந்தப் புள்ளைக்கு அஞ்சு வயசு இருக்கறப்ப என் மேசைக்கு வந்து உக்காந்தா, அப்புறம் எந்திரிக்கவே இல்லன்னு வெச்சுக்கோயேன். என் பயலுங்களுக்கு இதுல எல்லாம் இஷ்டம் இல்ல. ரயன் பசையத் தரையில கொட்டுவான், ஷேன் சாப்புட மட்டும் வருவான். பிரமிளா அப்பிடி இல்ல. பென்சில் கோடு போடாம எட்டு மூலை நட்சத்திரம் வெட்டுவா. கத்திரிக்கோலு நவுராது, தாளுதான் சுத்தும். நான் இத்தனை வருசம் செய்றேன், எனக்கு அந்தக் கை வரல. அவ அம்மாகிட்டயே சொல்லிருக்கேன், ஒம்மவ கையி ஆண்டவன் தனியாச் செஞ்ச கையின்னு.

பன்னெண்டு வயசு இருக்கும். டிசம்பர் மாசம், ஸ்கூலு லீவு. பாசாருக்குப் போற வழியில ஒரு கடையில பெரிய நட்சத்திரம் தொங்குச்சு, உள்ள பல்பு எரியறது. ஆன்டி, இந்த வருசம் ஒன்னே ஒன்னு வாங்கலாமா, வாசல்ல தொங்க விடலாம்னு கேட்டா. அவ எதையும் கேக்கற புள்ள இல்ல. வாங்கிருக்கலாம். வாங்க முடியாத வெலையும் இல்ல. நான் என்னா சொன்னேன் தெரியுமா? செய்யத் தெரிஞ்சவங்க எதுக்குடி வாங்கணும், இதவிட நல்லா நாம செய்வோம்னேன். என் பேரு கெட்டுப் போயிரும்ல.

என் கூட்டாளி ஒருத்தி, நோர்மா. ஐஸ்பெட்டி, ஃப்ரிட்ஜு விக்கற கடையில வேலை. ஐஸ்பெட்டியச் சுத்தி வர்ற சில்வர் ஷீட்டு இருக்கில்ல, பளபளன்னு, அத குப்பையில போடறதுக்கு முன்னாடி எனக்கு எடுத்து வெப்பா. அன்னிக்கு மத்தியானம் போன் பண்ணி, ஒரு சுருள் இருக்கு, வந்து எடுத்துக்கன்னா. நட்சத்திரத்துக்கு ஆவும்னு மோட்டாரு எடுத்தேன். பிரமிளாவும் வர்றேன்னா. தனம் கதவுல நின்னு ஹெல்மெட்டு வார மாட்டி விட்டா அவளுக்கு.

திரும்பி வர்றப்ப விழுந்துட்டோம். ஒரு காடி வந்து உரசிட்டு, நிக்காமப் போயிருச்சு. எனக்கு முட்டியில செராய்ப்பு, அவ்ளோதான். பிரமிளா வலது கைய ஊனி விழுந்துட்டா. மணிக்கட்டு, வெரலு, எல்லாம். ரெண்டு தடவ ஆப்பரேஷன், உள்ள பிளேட்டு வெச்சாங்க. உசுருக்கு ஒன்னும் இல்ல, ஆண்டவன் காப்பாத்துனாரு. கையிதான் சரியா வரல. மூணு வெரலு மடங்காது. கத்திரிக்கோலு ஓட்டையில வெரல விடுவா, மூட வராது. இப்ப எழுதறதெல்லாம் இடது கையிலதான்.

ஆமாம்மா. பாவம்தான்.

தனம் என்னை ஒரு வார்த்தை சொல்லல. திட்டியிருந்தா எனக்கு எவ்ளோ நல்லா இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில மவ உள்ள கெடக்கா, இவ வெளிய வந்து என் முட்டிக்கு மருந்து போடறா. எவனோ குடிகாரன் வந்து இடிச்சதுக்கு நீ என்னக்கா பண்ணுவேன்னு என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதா. நான் நாலு நாளு சாப்புடலன்னு கஞ்சி வெச்சுக் கொண்டாந்தா. மோகனராஜ் ஒவ்வொரு சிக்னல்லயும் வெள்ளைக் காடியப் பாத்து நம்பர எழுதிக்கிட்டுத் திரிஞ்சாரு, எத்தனையோ மாசம். வெள்ளைக் காடின்னு நான்தான் சொல்லியிருந்தேன். அப்புறம் அவருக்கு வேலை இந்தப் பக்கம் ஆயிருச்சு, பாயான் பாருவுக்கு மாறிட்டாங்க.

அதுக்கப்புறமும் வருசா வருசம் கூப்புடுவா. அக்கா, கிறிஸ்மஸுக்கு முந்தி ஒரு நாள் வந்து சாப்புட்டுப் போன்னு. நானும் பெட்டிய நெரப்பிக்கிட்டுப் போவேன். இது மூணாவது வருசம்.

அழுவல, கண்ணு எரியுது. நேத்து தூங்கல.

காடி எதுவும் வரலம்மா.

ரோடு காலியா கெடந்துச்சு. அந்தச் சுருள நான் ஹேண்டிலுக்கு நடுவுல சும்மா செருகி வெச்சிருந்தேன், கட்டல. கயிறு இருந்துச்சு, கட்டல. காத்துல ஒரு ஷீட்டு பிரிஞ்சு பறந்துச்சு. நான் கைய விட்டு எட்டிப் புடிச்சேன். அவ்ளோதான் நடந்துச்சு. குப்பைக்குப் போக வேண்டிய தாளு, அது போனா போவுதுன்னு விட என் கைக்குத் தெரியல.

யாரோ ஓடியாந்து தூக்குனாங்க. எப்பிடி ஆச்சுன்னு கேட்டாங்க. காடி ஒன்னு உரசிருச்சுன்னு வாயில வந்துருச்சு. யோசிச்சுச் சொல்லல, சத்தியமா. ஆனா ஒரு தடவ சொன்னதுக்கப்புறம் தனத்துகிட்ட சொன்னேன், போலிஸ்ல சொன்னேன், எங்க வீட்டுக்காருகிட்டயும் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டகூடச் சொல்லல. கலரு கேட்டப்ப வெள்ளைன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அந்தக் காடி கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சுருச்சு.

போன ஞாயித்துக்கெழமை கோயில் ஹால்ல என் வகுப்பு. பிரமிளா ஒத்தாசைக்கு வந்தா, அவ அப்பா கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு. பதினஞ்சு வயசு இப்ப. சின்னப் புள்ளைங்களுக்கு இடது கையால வெட்டிக் காட்டறா. கோணலாத்தான் வருது. புள்ளைங்க சிரிச்சா இவளும் சேந்து சிரிக்கறா. எல்லாரும் போனதுக்கப்புறம் தாளு எல்லாம் கூட்டிக்கிட்டு இருந்தோம், நாங்க ரெண்டு பேருதான். அப்பத்தான் பிரமிளா, ஒரு சின்னப் பையன் என் கையி எப்பிடி ஆச்சுன்னு கேட்டான் ஆன்டி, காடி இடிச்சுருச்சுன்னு சொன்னேன்னா. ஆன்டி, இன்னும் எத்தனை பேருகிட்ட நான் அப்பிடியே சொல்லணும்னு கேட்டா.

கோவமா கேக்கல. அதுதான். கேக்கு கிண்டறப்ப, எனக்கும் கையி வலிக்குது, நீங்க புடிங்கங்கற மாதிரி கேட்டா.

பின்னாடி உக்காந்திருந்தவளுக்குத் தெரியாதா? எல்லாத்தையும் பாத்திருக்கா. ஆஸ்பத்திரியில மயக்கம் தெளிஞ்சப்ப நான் அவ அம்மாகிட்ட காடின்னு சொல்லிக்கிட்டு இருந்தது காதுல விழுந்திருக்கு. போலிஸ்காரரு வந்து கேட்டப்ப இவளும் காடின்னு சொல்லிருக்கா. வெள்ளையான்னு கேட்டதுக்கு ஆமான்னிருக்கா. பன்னெண்டு வயசுப் புள்ள, கையில கட்டோட படுத்துக்கிட்டு. ஏன்டி சொன்னேன்னு கேட்டேன். நீங்க அம்மாவப் பாத்து ரொம்ப நடுங்குனீங்க ஆன்டின்னா.

மூணு வருசமா நான் மட்டும்தான் செமக்கறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். பெத்த தாய்கிட்ட ஒவ்வொரு நாளும் அந்தப் புள்ள எனக்காகப் பொய் சொல்லிக்கிட்டு இருந்திருக்கா.

இல்லம்மா, போன்ல சொல்ற விசயம் இல்ல. காலையில எங்க வீட்டுக்காருகிட்ட சொன்னேன். அவரு, நான் கொண்டு போயி விடவான்னு கேட்டாரு. வேணாம், நானே போறேன்னு வந்துட்டேன். பிரமிளாவுக்கும் சொல்லல நான் இன்னிக்குப் பேசப் போறேன்னு. சொன்னா வேணாம்பா. தனம் என்னா பண்ணுவான்னு தெரியல. தொரத்துனாலும் தொரத்தட்டும். அவளுக்கு அந்தப் பாத்தியதை இருக்கு.

ஆ, இந்த ஸ்டாப்புதான். கொஞ்சம் காலை ஒதுக்கும்மா, எறங்கிக்கறேன். அந்த மஞ்சக் கலரு ஃப்ளாட்டு, மூணாவது மாடி. சமைச்சு வெச்சுட்டு உக்காந்திருப்பா, பசியாறாம வான்னு ரெண்டு தடவ மெசேஜ் போட்டுட்டா. செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடியே சொல்லிரணும். உள்ள போயி உக்காந்துட்டேன்னா தண்ணி குடுப்பா, சோறு போடுவா, அப்புறம் என் வாயி தொறக்காது.