சிவப்பு நூலுக்கு அடியில்

என் பெயர் அட்ராக்டா மல்கெரின். வயது 59. திருமணமாகவில்லை. அயர்லாந்தில் கால்வே கவுண்டி, க்ளூனபெக் கிராமத்தில் தேவாலயத்துக்குப் பின்புறம், குதிரைக் கொட்டிலை ஒட்டிய வீட்டில் குடியிருந்து வருகிறேன். குதிரையேற்றமும் தடை தாண்டலும் கற்றுக்கொடுப்பது என் தொழில். நடந்ததை ஆம்புலன்ஸ்காரரிடமும் காப்பீட்டுக்காரரிடமும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. இப்போது போலீஸ் சார்ஜன்ட் எழுதிக்கொள்வதற்காக மறுபடியும் சொல்கிறேன். சொல்லச் சொல்ல அலுப்புதான் மிஞ்சுகிறது.

ஃபிடெல்மா லோகன் என்பவரை எனக்கு மூன்று வருடமாகத் தெரியும். ஊர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகு, நோரீன் என்ற சாம்பல் நிறப் பெண் குதிரையை வாங்கி என்னிடம் கற்றுக்கொள்ள வந்தார். அவருடைய கணவர் மலாக்கி லோகன் மாடு வளர்ப்பவர். குதிரை மீது ஏறியதே கிடையாது. ஆனால் சனிக்கிழமை தவறாமல் வந்து வேலி ஓரமாக நிற்பார். மனைவி தடை தாண்டும்போது இவரும் கீழே நின்று முழங்காலை மடக்குவார்.

மேற்படி ஃபிடெல்மாவிடம் ஒரு குறை இருந்தது. குதிரை எழும்பும் நேரத்தில் முழங்காலை இறுக்கிக்கொள்வார், அதனால் கீழ்க்கால் பின்னால் போய்விடும், கால் போனதும் உடம்பு முன்னால் சரிந்து குதிரையின் கழுத்தில் விழும், கழுத்தில் பாரம் ஏறினால் நோரீன் முதுகைத் தூக்காமல் தட்டையாகப் பாய்ந்து முன்காலால் கம்பைத் தட்டிவிடும். பார்க்கிறவர்கள் குதிரையைத் திட்டுவார்கள். நான் காலைத் திட்டுவேன்.

"அம்மா தாயே, உன் கால் எங்க போச்சு? டப்ளினுக்கே போயிடுச்சு போல" என்பேன்.

"போனது போச்சு, எனக்கு ஒரு நல்ல கோட்டு வாங்கிட்டு வரட்டும்" என்பார் அவர்.

அப்படிச் சிரித்துப் பேசினாலும் காரில் போகும்போது அழுவாராம். மலாக்கிதான் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "கொஞ்சம் பாத்துத் திட்டுங்க அட்ராக்டா. வீட்ல சமையல்கட்டு நாற்காலில உக்காந்து காலை முன்னாடி வெச்சு வெச்சுப் பழகுறா. பாக்கச் சகிக்கல."

அதன் பிறகு நான், ஏறுகிறவர் பாதம் வைக்கும் வளையமான அங்கவடியைக் குதிரையின் வயிற்று வாரோடு சேர்த்துச் சிவப்புக் கம்பளி நூலால் கட்டிவிட ஆரம்பித்தேன். எங்கள் தொழிலில் இது பழைய வழக்கம். ஒற்றை இழைதான் கட்ட வேண்டும். கால் பின்னால் போனால் நூல் அறும், கால் போய்விட்டது என்று உட்கார்ந்திருப்பவருக்கே தெரிந்துவிடும். விழுந்தாலும் அறுந்து காலை விட்டுவிடும். அறுவதற்காகவே கட்டுகிற நூல் அது. இதை இருவரிடமும் விளக்கினேன். மலாக்கியும் தலையை ஆட்டினார். ஆனால் அவர் எதையும் வைக்கோல் கட்டு கட்டுகிற நீல நைலான் கயிற்றால் கட்டுகிறவர். வயல் கதவு, காரின் புகைக்குழாய், ஒரு முறை ஞாயிறு பூசைக்கு வந்தபோது கால்சட்டை, எல்லாம் நீலக் கயிறுதான். கட்டினால் அறக் கூடாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த கட்டு.

வசந்தகாலம் முழுக்க நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை அறும்போதும் ஃபிடெல்மா வேலிப் பக்கம் பார்ப்பார், மலாக்கி தன் பூட்ஸைப் பார்ப்பார்.

சம்பவத்தன்று காலை மழை விட்டிருந்தது. அடுத்த வாரம் ஊர்க் கண்காட்சியில் ஃபிடெல்மா முதன்முறையாகப் போட்டியில் இறங்குவதாக இருந்தார். நான் இரண்டு பக்கமும் நூலைக் கட்டிவிட்டு, கம்புகளின் உயரத்தைச் சரி செய்ய மைதானத்துக்குள் போனேன். ஃபிடெல்மா கையுறை எடுக்கக் காருக்குப் போயிருந்தார். குதிரையைப் பிடித்துக்கொண்டு மலாக்கி நின்றார். அதன் பிறகு ஃபிடெல்மா ஏறி வந்ததும் வயிற்று வாரை இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. சிவப்பு நூலும் கண்ணில் பட்டது. குனிந்து அடியில் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஃபிடெல்மா முதல் தடையைத் தாண்டினார். கால் அப்படியே நின்றது. கழுத்தில் பாரம் விழாததால் நோரீன் முதுகை வளைத்து, முன்கால் இரண்டையும் நன்றாக மடக்கி, கம்புக்கு மேலே ஒரு முழம் விட்டு எழும்பியது. இந்த மைதானத்தில் எத்தனையோ வருடமாகக் கத்தியிருக்கிறேன், அன்று கத்தியது போல் சந்தோஷமாகக் கத்தியதில்லை.

"அதான்டி கால்! மலாக்கி, பாத்தீங்களா?"

மலாக்கி தொப்பியைக் கழற்றி ஆட்டிச் சிரித்தார். "நூல் அறுபடல! அறுபடல!" என்று கூவிக்கொண்டே ஃபிடெல்மா இரண்டாவது தடைக்குத் திருப்பினார்.

அதைத் தாண்டி இறங்கிய இடத்தில் ஈரத்தில் நோரீனின் முன்கால் வழுக்கியது, ஃபிடெல்மா இடப்பக்கமாக விழுந்தார், அங்கவடி சுழன்று பாதத்தை விட்டிருக்க வேண்டும், சுழலவில்லை, குதிரை மிரண்டு மைதானத்தில் பாதி தூரம் அவரை இழுத்துக்கொண்டு ஓடியது. அதன் பிறகு அதுவாகவே நின்றது. நான் கடிவாளத்தைப் பிடித்தேன். யாராக இருந்தாலும் முதலில் சிக்கிய காலின் பூட்ஸை உருவத்தான் பார்ப்பார்கள். மலாக்கி பூட்ஸைத் தொடவில்லை. கத்தியைத் திறந்துகொண்டே ஓடி வந்தவர், நேராக வயிற்று வாரின் பக்கம் கையை விட்டு எதையோ அறுத்தார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "என் பொண்டாட்டியக் குதிரையோட கட்டிப்போட்டுட்டீங்களே, பாவி" என்றார். புகாரிலும் அதையேதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அந்தச் சேணத்தைச் சார்ஜன்ட் இன்று எனக்குக் காட்டினார். அதில் உள்ள சிவப்பு நூல் என்னுடையது. நூலுக்கு அடியில் மறைவாகக் கட்டியிருக்கும் நீலக் கயிறு என்னுடையது அல்ல. அந்த முடிச்சு லோகன் வீட்டு வயல் கதவில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மலாக்கிக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு நாளாவது மனைவி நூல் அறாமல் தாண்டட்டும் என்று கட்டியிருப்பார். தன் கால்தான் நின்றது என்று ஃபிடெல்மா நம்பட்டும் என்றுதான் மறைத்தும் கட்டியிருப்பார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் இதைச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். சொல்லாமல் விட்டால் வழக்கு என் மேல் வரும், இனி யாரையும் என்னால் குதிரை மேல் ஏற்ற முடியாது. எனக்கு வேறு தொழில் தெரியாது.

நேற்று மாலை ஃபிடெல்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. இனி குதிரை ஏறுவதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மலாக்கி, என்னைக் கண்டதும் பழத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"அவரை விடுங்க, பயத்துல என்னென்னமோ பேசுறாரு" என்றார் ஃபிடெல்மா. "நீங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு முதல் தடையில என் கால் தானா நின்னுச்சுல்ல?"

"தானா நின்னுச்சு."

"நானாதானே செஞ்சேன்?"

"நீயாதான் செஞ்ச."

"அது போதும் எனக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இந்த வாக்குமூலம் ஃபிடெல்மாவின் காதுக்குப் போகாமல் இருக்குமா என்று சார்ஜன்டிடம் கேட்டேன். கோர்ட்டுக்குப் போனால் எல்லார் முன்னிலையிலும் படிப்பார்கள் என்றார். அப்படியானால் கிழித்துப் போடுங்கள் என்றேன். அதன் பிறகு, வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

எழுதியதைச் சார்ஜன்ட் எனக்கு வாசித்துக் காட்டினார். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஃபிடெல்மாவிடம் நான் சொன்ன இரண்டு பதில்களைத் தவிர, இதில் உள்ள அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) அட்ராக்டா மல்கெரின்