வோட்டுக் கேட்கப் போன வீட்டில்

சான்ட்ரிங்ஹாமிலிருந்து நகரத்துக்குப் போகும் பஸ். ஜன்னல்களில் மழை வழிந்துகொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள். மூத்தவரின் கணவர் மாநகர சபைத் தேர்தலில் நிற்கிறார் என்பது பேச்சிலிருந்து புரிந்தது.

“வோட்டுக் கேக்கப் போன வீட்டிலை நான் நித்திரையாப் போனன்,” என்றார் மூத்தவர்.

“என்னக்கா சொல்லுறீங்கள்?”

“மாசியிலை, இங்கத்தைக் கோடைக்குள்ள. வேலை முடிஞ்ச கையோட போனனான். வாசல் வாசலா அவர் கதைப்பார், நான் பக்கத்திலை நிண்டு படத்துக்குச் சிரிக்கோணும். ஒரு வெள்ளைக்கார மனுசி அவரை விட்டிட்டு என்னைப் பாத்து, உனக்கு என்ன வேணும் எண்டு கேட்டா. இவ்வளவு நாளும் என்னட்டை ஒருத்தரும் அப்பிடிக் கேக்கேல்லை. கொஞ்சம் இருக்கோணும் எண்டு வாயிலை வந்திட்டுது.”

“பிறகு?”

“உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய் சோபாவிலை இருத்தினா. அவரை, நீ மற்ற வீடுகளை முடிச்சிட்டு வா எண்டு அனுப்பிப்போட்டா. காலிலை பின்னேர வெயில். கடலுக்குள்ள மெல்ல இறங்கிற மாதிரி ஒரு நித்திரை.”

“அண்ணை கோவிச்சிருப்பாரெல்லே?”

“நானும் அப்பிடித்தான் நினைச்சன்.” மூத்தவர் ஜன்னலில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். “கண் முழிச்சுப் பாத்தா, என்ர தலை அவற்ர தோளிலை கிடக்குது. நோட்டீஸ் கட்டு அவற்ர மடியிலை. அவர் குடிக்காத தேத்தண்ணி முன்னாலை ஆறிப்போய் இருக்குது. மனுசன் அசையாமல் இருக்கிறார். படம் எடுக்கிறதுக்கு அங்க ஒருத்தரும் இல்லை.”